தினமும் 45 நிமிஷம்தான் கிடைக்கும்: பைத்தான், மெஷின் லேர்னிங் சொந்தமாகப் படிப்பது எப்படி?

இரவுப்பள்ளி கேட்டது:

வணக்கம். முழுநேர வேலை, வீட்டுப் பொறுப்பு எல்லாம் போக வார நாட்களில் இரவு 45 நிமிஷம், சனிக்கிழமை சேர்ந்தாற்போல் 2 மணி நேரம். இதுதான் கையில் இருப்பது. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், ஜிபியு கிடையாது. கணக்கு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது.

வீடியோ பார்க்கும்போது எல்லாமே புரிகிற மாதிரி இருக்கிறது. மூடிவிட்டுக் காலி ஃபைலைத் திறந்தால் முதல் வரிகூட வரமாட்டேன் என்கிறது. எதை முதலில் படிக்க, எதைத் தைரியமாக விட்டுவிட? கணக்கை முடித்துவிட்டுத்தான் மெஷின் லேர்னிங்கைத் தொடவேண்டுமா? இந்த லேப்டாப் தாங்குமா?

இன்னொன்று. டைட்டானிக் பயணிகள் டேட்டாவை எடுத்து, வீடியோவில் காட்டியபடியே ஒரு டிசிஷன் ட்ரீ (கேள்வி மேல் கேள்வியாகப் பிரித்து, யார் பிழைத்தார் என்று கணிக்கும் மாடல்) போட்டேன். ஸ்கோர் (சரியாகச் சொன்ன பங்கு) 0.98 என்று வந்தது. இவ்வளவு சுலபமாக வருமா என்று சந்தேகமாக இருக்கிறது. எங்கே தப்பு?

மூணுசுழி எழுதியது:

காலி ஃபைல் சங்கதியை முதலில் முடிப்போம். பார்த்துப் புரிந்துகொள்வது ஒரு வேலை. நினைவிலிருந்து எடுத்து எழுதுவது வேறு வேலை. வீடியோ பழக்குவது முதலாவதை மட்டும். அதனால் 45 நிமிஷத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் 5 நிமிஷம், நேற்று எழுதிய ஒரு ஃபங்ஷனைப் பார்க்காமல் திரும்ப எழுதுவது. அடுத்த 10 நிமிஷம் புது விஷயம், படித்தோ பார்த்தோ. பிறகு 25 நிமிஷம் அதை வைத்து ஏதாவது எழுதுவது. கடைசி 5 நிமிஷம் நாளைக்கான குறிப்பு.

அந்தக் கடைசி 5 நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள். கொஞ்ச நேரமே உள்ளவர்களுக்கு அதிகம் வீணாவது "எங்கே விட்டோம்" என்று தேடுகிற நேரம்தான். வேலையை முழுசாக முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டாம். உடைந்த நிலையிலேயே விட்டு, ஃபைலின் மேலே ஒரு கமென்ட்: "காலி வரி வந்தால் நிற்கிறது, அடுத்து அதைச் சரிசெய்." மறுநாள் அதைப் படித்த இரண்டாவது நிமிஷம் கை ஓட ஆரம்பித்துவிடும். நான்கைந்து நாள் விட்டுப்போனாலும் இந்த வரி இருந்தால் போதும். முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்குவது மட்டும் வேண்டாம். பலர் லூப் வரைக்குமே மூன்று தடவை படித்துக்கொண்டிருப்பது அப்படித்தான்.

ரன் கொடுப்பதற்கு முன் என்ன விடை வரும் என்று பேப்பரில் எழுதுங்கள். பைத்தான் 3-ல் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் இதை அப்படியே தட்டிப் பார்க்கலாம்:

அ = [1, 2, 3]
ஆ = அ
ஆ[0] = 99

இப்போது "அ" என்ன? [1, 2, 3] என்று நீங்கள் எழுதியிருந்தால் இன்றைய பாடம் கிடைத்துவிட்டது. விடை [99, 2, 3]. இரண்டாவது வரி லிஸ்ட்டை நகல் எடுக்கவில்லை. இருக்கிற ஒரே லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயர் சூட்டியது. நகல் வேண்டுமென்றால் ஆ = அ[:] என்று எழுதவேண்டும். பின்னால் டேட்டாவை மாற்றும்போது "மூல டேட்டாவும் சேர்ந்து மாறிவிட்டதே" என்று மணிக்கணக்கில் தேட வைப்பது இந்த ஒரு விஷயம்தான்.

வரிசை: வேரியபிள், இஃப், லூப், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்ஷனரி, ஃபைல் படிப்பது, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டேட்டா ஃபைல்), ட்ரை-எக்செப்ட் (எரர் வந்தால் சமாளிப்பது). இவ்வளவுதான். உங்கள் கணக்கில் வாரம் 5 மணி 45 நிமிஷம் வருகிறது; இதற்கு 10 முதல் 12 வாரம் வையுங்கள். கிளாஸ் என்றால் என்ன என்று அடுத்தவர் எழுதியதைப் படிக்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும். டெக்கரேட்டர், அசிங்க், மெட்டாகிளாஸ் எதுவும் இந்த வருஷம் வேண்டாம்.

பயிற்சிக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஒரு வாரம் ஓடும். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று டிக்ஷனரி வைத்து எண்ணுங்கள். முதல் நாள் 8 வரியில் முடிந்துவிடும். அப்புறம்தான் தொந்தரவு. "வந்தான்" ஒன்று, முற்றுப்புள்ளி ஒட்டிய "வந்தான்." இன்னொன்று என்று தனித்தனியாக எண்ணும். தமிழ் ஃபைல் என்றால் இன்னும் சுவாரசியம். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள்: நமக்கு 3 எழுத்து, பைத்தான் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது தனித்தனியாக எண்ணுகிறது. எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அதுவே 15 பைட். ஒகரம் இன்னும் மோசம்: "கொ" என்பதில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். யூனிகோட்-டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் கொடுத்து என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்தெழுதும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகும். டேட்டாவைச் சுத்தம் செய்வது என்றால் என்ன என்பது இந்த ஒரு பயிற்சியிலேயே பாதி விளங்கிவிடும்.

எரர் வந்தால் கீழேயிருந்து மேலே படியுங்கள். கடைசி வரி என்ன தப்பு என்று சொல்லும், அதற்கு மேலே உள்ளது எந்த வரியில் என்று சொல்லும். நடுவில் வருகிற லைப்ரரி ஃபைல் பெயர்களைத் தாண்டி, உங்கள் ஃபைல் பெயர் வருகிற இடத்தைப் பிடியுங்கள்.

ஒயர்மேன் எழுதியது:

மெஷின் பக்கம் நான் சொல்றேன். பலபேர் விட்டுட்டுப் போறது லூப் புரியாம இல்ல, இன்ஸ்டால் ஆகாமதான்.

ஒரே லேப்டாப்ல ரெண்டு மூணு பைத்தான் உட்கார்ந்திருக்கும். பிப் (லைப்ரரி இன்ஸ்டால் பண்ற கருவி) ஒண்ணுல போடும், எடிட்டர் இன்னொண்ணை ஓட்டும். "இன்ஸ்டால் ஆச்சுன்னு சொல்லுது, இம்போர்ட் பண்ணா மாட்யூல் இல்லேங்குது"ன்னா இதுதான் காரணம். வெறுமனே பிப்னு கூப்பிடாம, "பைத்தான் மைனஸ்-எம் பிப் இன்ஸ்டால்"னு கூப்பிடுங்க. எந்த பைத்தான் ஓடுதோ அதுலயே போய் உட்காரும். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது அதுக்கு மட்டும் தனி லைப்ரரித் தொகுப்பு. அதை மறக்காம ஆக்டிவேட் பண்ணிட்டு வேலையைத் தொடங்குங்க.

உங்க ஃபைலுக்கு ரேண்டம், சிஎஸ்வி, பாண்டாஸ்னு லைப்ரரி பேரையே வைக்காதீங்க. அடுத்த தடவை இம்போர்ட் பண்ணா பைத்தான் உங்க ஃபைலைத்தான் எடுக்கும், எரர் பாத்தா ஒண்ணுமே புரியாது.

ஜூப்பிட்டர் நோட்புக் (கோடைச் செல் செல்லாப் பிரிச்சு ஓட்டறது) சௌகரியம்தான், ஆனா செல்லை முன்னே பின்னே ஓட்டுவீங்க, நடுவுல ஒரு செல்லை அழிச்சிடுவீங்க. அழிச்ச செல்லுல இருந்த வேரியபிள் மட்டும் மெமரியில உயிரோட இருக்கும். இன்னிக்கு ஓடுது, நாளைக்குத் திறந்தா ஓடாது. எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணி மேலேருந்து எல்லாச் செல்லையும் ஓட்டிப் பாத்துடுங்க.

8 ஜிபி போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்க. கையெழுத்து எண்கள் இருக்கிற எம்னிஸ்ட் டேட்டால பயிற்சிக்கு 60,000 படம், ஒவ்வொண்ணும் 28-க்கு 28, அதாவது 784 எண். எல்லாத்தையும் 4 பைட் ஃப்ளோட்டா வச்சாலும் 188 எம்பிதான். படிக்கிற கட்டத்துல வர்ற டேட்டா பெரும்பாலும் இந்த அளவுக்குள்ளதான். 700 கோடி பாராமீட்டர் மொழி மாடலை 16 பிட்ல ஏத்தணும்னா மட்டும் 14 ஜிபி கேட்கும், அது இங்க நடக்காது. ஜிபியு தேவைப்படற அன்னிக்கு கூகுள் கோலாப்ல இலவசமா ஓட்டிக்கலாம். ஆனா செஷன் அறுந்தா அதுல இருக்கிற ஃபைல் எல்லாம் போயிடும், அதனால மாடலை அப்பப்போ கூகுள் டிரைவுல சேமிச்சுக்கணும். காசு கொடுத்து இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க.

குறுக்குவழி எழுதியது:

மூணுசுழி சொல்லும் 12 வாரம் எனக்கு ஒப்பவில்லை. மெஷின் லேர்னிங் ஆசையில் வந்தவரை மூன்று மாதம் லூப்பிலேயே வைத்தால் பாதியில் ஓடிவிடுவார். நான்காவது வாரமே மெஷின் லேர்னிங் லைப்ரரியான சைக்கிட்-லேர்னைத் திறந்துவிடலாம். ஒரு மாடலைப் பயிற்றுவிக்க ஐந்தாறு வரி போதும். வார நாட்களில் பைத்தான், சனிக்கிழமை மட்டும் மாடல் என்று இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்.

மூணுசுழி எழுதியது:

சனிக்கிழமைக்கு மட்டும் என்றால் சரி, எதிர்க்கவில்லை. ஆனால் அந்த ஐந்தாறு வரிதான் கேள்வி கேட்டவருக்கு 0.98 காட்டியிருக்கிறது. ஓடுகிறது என்பதும் சரி என்பதும் வேறு வேறு. புரோகிராமில் தப்பு இருந்தால் எரர் வரும். மாடலில் தப்பு இருந்தால் நல்ல ஸ்கோர் வரும்.

நிகழ்தகவு எழுதியது:

கணக்கை முடித்துவிட்டு வர நினைத்தால் வரவே மாட்டீர்கள். தொடங்குவதற்கு நான்கு விஷயம் போதும்: மேட்ரிக்ஸ் பெருக்கலில் நிரல் நிரை அளவு எப்படிப் பொருந்துகிறது, டெரிவேட்டிவ் என்றால் சரிவு என்ற உணர்வு, செயின் ரூல், நிபந்தனையுடன் கூடிய நிகழ்தகவு. இன்டெக்ரேஷன் இப்போது தேவையில்லை.

அதைவிட, கிரேடியன்ட் டிசென்ட்டை (தப்பு குறைகிற பக்கம் படிப்படியாக நகரும் முறை) ஒரே ஒரு தடவை கையால் போடுங்கள். மூன்று புள்ளிகள்: எக்ஸ் 1, 2, 3, ஒய் 2, 4, 6. ஒய் என்பது எக்ஸின் இரண்டு மடங்கு என்று நமக்குத் தெரியும், மாடலுக்குத் தெரியாது. எக்ஸைப் பெருக்கும் எண்தான் எடை; அதை 0-வில் தொடங்குகிறோம். தப்பை வர்க்கப்படுத்தி சராசரி எடுத்தால், ஒரு புள்ளியின் சரிவு 2 × எக்ஸ் × (எடை × எக்ஸ் − ஒய்). மூன்று புள்ளிக்கும் போட்டால் −4, −16, −36. சராசரி −18.67. லேர்னிங் ரேட் (சரிவில் எவ்வளவு பங்கு நகர்வது) 0.1 என்றால்:

எடை = எடை - 0.1 * சரிவு

எடை 1.867 ஆகிறது. இன்னொரு சுற்று போட்டால் சரிவு −1.244, எடை 1.991. இரண்டே சுற்றில் கிட்டத்தட்ட 2.

இப்போது லேர்னிங் ரேட்டை 0.3 ஆக்குங்கள். எடை 0, பிறகு 5.6, பிறகு −4.48, பிறகு 13.664. ஒவ்வொரு தாவலிலும் இலக்கைத் தாண்டி எதிர்ப்பக்கம் இன்னும் தூரமாய்ப் போய் விழுகிறது. இந்த டேட்டாவுக்கு எல்லை சுமார் 0.214, அதற்கு மேலே போனால் சிதறும். லாஸ் (மாடலின் தப்பின் அளவு) நாட்-எ-நம்பர், அதாவது எண்ணே இல்லை, என்று வருகிறதே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதோடு விடாதீர்கள். எக்ஸை 100, 200, 300 ஆக்கிப் பாருங்கள். சரிவில் எக்ஸ் வர்க்கமாக வருவதால் எல்லை 10,000 மடங்கு சுருங்கி 0.0000214 ஆகிவிடும். டேட்டாவை ஸ்கேல் செய்யவேண்டும் (எண்களை ஒரே அளவுக்குள் கொண்டுவரவேண்டும்) என்று எல்லாப் பாடத்திலும் மந்திரம் மாதிரி ஒரு வரி வருமே, அதன் காரணம் இவ்வளவுதான். டிசிஷன் ட்ரீக்கு இது பொருட்டே இல்லை. அது "வயது 15-க்கு மேலா கீழா" என்று மட்டும்தான் கேட்கிறது, அளவு மாறினாலும் வரிசை மாறாது.

பேப்பரில் ஒரு தடவை, லைப்ரரி இல்லாமல் பைத்தானில் ஒரு தடவை, நம்பை லைப்ரரியில் ஒரு தடவை. மூன்று இரவு வேலை.

சல்லடை எழுதியது:

0.98-க்கு வருகிறேன். பயிற்றுவித்த அதே வரிகளை வைத்தே ஸ்கோர் போட்டிருக்கிறீர்கள். ஆழத்துக்குக் கட்டுப்பாடு இல்லாத டிசிஷன் ட்ரீ ஒவ்வொரு பயணியையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துவிடும். மிச்ச 2 சதவீதம் ஏன் தப்பியது? வகுப்பு, பாலினம், வயது, கட்டணம் எல்லாம் ஒன்றாக இருந்தும் ஒருவர் பிழைத்து ஒருவர் இறந்த வரிகள் சில உண்டு. அவற்றை மனப்பாடம் செய்யவும் முடியாது. பயணி எண்ணையும் ஒரு காலமாக, அதாவது டேபிளில் ஒரு நெடுவரிசையாக, சேர்த்திருந்தால் 1.0 வந்திருக்கும்.

மாடல் போடுவதற்கு முன்னால் எண்ணிப் பாருங்கள். அந்த ஃபைலில் 891 பேர். பிழைத்தவர்கள் 342, இறந்தவர்கள் 549. யாரையும் பார்க்காமல் "எல்லோரும் இறந்தார்கள்" என்று சொன்னாலே 61.6 சதவீதம் சரி. அடுத்து, பெண்கள் 314 பேரில் 233 பேர் பிழைத்தார்கள்; ஆண்கள் 577 பேரில் 468 பேர் இறந்தார்கள். "பெண் என்றால் பிழைத்தார், ஆண் என்றால் இறந்தார்" என்ற ஒரே ஒரு இஃப் வரி 701 பேரைச் சரியாகச் சொல்கிறது: 78.7 சதவீதம். மெஷின் லேர்னிங் எதுவும் இல்லை. உங்கள் மாடல் தாண்டவேண்டிய கோடு இது. வீடியோக்களில் "பாருங்கள், 79 சதவீதம்!" என்று கொண்டாடுவதைப் பார்க்கும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்யவேண்டிய வரிசை. முதலில் ட்ரெயின்-டெஸ்ட் ஸ்ப்ளிட்: பயிற்றுவிக்க ஒரு பகுதி, சோதிக்க ஒரு பகுதி. டெஸ்ட் அளவு 0.2, ஸ்ட்ராட்டிஃபை (இரு பகுதியிலும் பிழைத்தவர் விகிதம் ஒன்றாக இருக்க) கொடுத்து, ரேண்டம் ஸ்டேட்டுக்கு (குலுக்கலை நிர்ணயிப்பது) ஏதாவது ஒரு எண் நிலையாக. அதற்குப் பிறகுதான் காலியான வயதை நிரப்புவது, ஸ்கேல் செய்வது எல்லாம். வயது 177 பேருக்கு இல்லை. மொத்த 891 பேரின் மீடியனை (நடு மதிப்பை) எடுத்து நிரப்பிவிட்டுப் பிறகு பிரித்தால், டெஸ்ட் வரிகளின் தகவல் ட்ரெயினுக்குள் கசிந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இடத்தில் கசிவு சின்னது, ஸ்கோர் அதிகம் மாறாது. ஆனால் அதே பழக்கத்தோடு, 2,000 காலங்களில் பலன் தருகிற 20 காலத்தை மொத்த டேட்டாவையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வெறும் குப்பையிலிருந்துகூட நல்ல ஸ்கோர் வரும். நிரப்புவது, ஸ்கேல் செய்வது, மாடல் மூன்றையும் பைப்லைனுக்குள் (வரிசையாக ஓடும் ஒரே தொகுப்பு) போட்டுவிட்டால் ஃபிட், அதாவது பயிற்றுவிப்பது, ட்ரெயின் வரிகளில் மட்டும் நடக்கும். ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டிய தொல்லை இல்லை.

பெரிய கசிவு வேறு மாதிரி இருக்கும். இதே டைட்டானிக் டேட்டாவின் 1,309 பேர் உள்ள வடிவத்தில் "படகு" என்று ஒரு காலம் உண்டு: எந்த உயிர்காப்புப் படகில் ஏறினார் என்ற எண். அதைச் சேர்த்தால் எந்த மாடலும் அபாரமாக வேலை செய்யும். செய்யாதா பின்னே? படகில் ஏறியவர்தான் பிழைத்தவர். "சடலம்" என்றும் ஒரு காலம் இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு காலத்தையும் பார்த்து, கணிக்கவேண்டிய நேரத்தில் இந்தத் தகவல் கையில் இருந்திருக்குமா என்று கேளுங்கள். கப்பல் கிளம்பும்போது படகு எண் யாருக்கும் தெரியாது.

இரவுப்பள்ளி எழுதியது:

பிரித்துவிட்டு ஓட்டினேன். ஆழத்தைக் கட்டுப்படுத்தாமல் டெஸ்ட்டில் 0.77, மேக்ஸ் டெப்த் (அதிகபட்ச ஆழம்) 4 கொடுத்தால் 0.81. ரேண்டம் ஸ்டேட்டை மாற்றினால் 0.78-க்கு இறங்குகிறது. எதை நம்புவது? 0.81 வந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாமா?

சல்லடை எழுதியது:

அந்த எண்ணை வைத்துக்கொள்வது பரீட்சையில் நல்ல மார்க் வந்த பேப்பரை மட்டும் காட்டுவது மாதிரி.

891-ல் 0.2 பங்கு என்றால் டெஸ்ட்டில் 179 பேர். 0.81-க்கும் 0.78-க்கும் நடுவில் இருப்பது வெறும் 5 பயணிகள். நிகழ்தகவு சார் வந்து திருத்துவார், தோராயக் கணக்கு இது: 0.8 × 0.2-ஐ 179-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.03. இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டால் உங்கள் ஸ்கோருக்கு இருபக்கமும் 6 சதவீதப் புள்ளி ஆட்டம் உண்டு. ஆக, ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து 78-ஐயும் 81-ஐயும் வேறு வேறு என்று சொல்லவே முடியாது.

டெஸ்ட்டை எடுத்து ஓரமாக வையுங்கள். மிச்சம் 712 பேரில் 5 மடிப்பு கிராஸ் வேலிடேஷன் (ஐந்தாகப் பிரித்து, மாற்றி மாற்றி நான்கில் பயிற்றுவித்து ஒன்றில் சோதிப்பது) ஓட்டி, ஐந்து ஸ்கோரின் சராசரியையும் அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டெப்த் 3, 4, 5, 6 எல்லாம் அங்கேயே சோதித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓரமாக வைத்த டெஸ்ட்டைக் கடைசியில் ஒரே தடவை திறங்கள். திறந்துவிட்டு, எண் பிடிக்கவில்லை என்று திரும்ப மாற்றினால் அது டெஸ்ட்டாக இருக்காது.

கிராஸ் வேலிடேஷனில் எப்படிப் பிரிப்பது என்பது டேட்டாவைப் பொறுத்தது. ஒரே நோயாளியின் 10 ஸ்கேன் இருந்தால் பத்தும் ஒரே பக்கம் போகவேண்டும், அதற்கு குரூப்-கே-ஃபோல்ட். தேதிவாரியான டேட்டா என்றால் கலைக்கவே கூடாது, பழையதில் பயிற்றுவித்துப் புதியதில் சோதிக்கவேண்டும், அதற்கு டைம்-சீரிஸ்-ஸ்ப்ளிட். நூற்றில் ஒன்று மட்டுமே "ஆம்" என்று வருகிற டேட்டாவில் அக்யூரசியைப் பார்க்காதீர்கள், எல்லாவற்றுக்கும் "இல்லை" சொல்லும் மாடலுக்கே 99 வரும். அங்கே பார்க்கவேண்டியது ப்ரிசிஷன் ("ஆம்" என்று சொன்னதில் எத்தனை சரி), ரீகால் (உண்மையான "ஆம்"களில் எத்தனையைப் பிடித்தது).

தமிழ் டெக்ஸ்ட்டில் ஏதாவது செய்யும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. சைக்கிட்-லேர்னில் சொற்களை எண்ணித் தரும் கவுன்ட்-வெக்டரைசர் சொற்களைப் பிரிக்கிற விதியில், நம் கொம்பும் காலும் புள்ளியும் எழுத்து இல்லை. "தமிழ்" என்று கொடுத்தால் இகரக் குறியில் வெட்டி "தம" என்று எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஒற்றை எழுத்து என்பதால் தூக்கி எறிந்துவிடும். எரர் வராது, ஸ்கோர்கூட ஓரளவு வரும். அந்த விதியான டோக்கன் பேட்டர்னை மாற்றி, இடைவெளியில் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். அது சேர்த்துவைத்த சொற்களின் அகராதியை ஒரு தடவை பிரின்ட் செய்து கண்ணால் பாருங்கள்.

ஒயர்மேன் எழுதியது:

நியூரல் நெட்வொர்க் பக்கம் போகும்போது ஞாபகம் வச்சுக்க ரெண்டு எண் சொல்லிட்டுப் போறேன். 10 வகை கொண்ட டேட்டால ஒண்ணும் கத்துக்காத மாடலோட லாஸ் 2.303 பக்கத்துல இருக்கணும், அதாவது 10-இன் இயல் மடக்கை. முதல் சுற்றுலயே 15, 20-னு வந்தா ஆரம்ப எடையோ ஸ்கேலோ தப்பு. ரெண்டாவது 1.461. லாஸ் இறங்கி வந்து 1.46-கிட்ட முட்டி நின்னுட்டா, நீங்க சாஃப்ட்மேக்ஸை (எண்களை நிகழ்தகவா மாத்தறது) ரெண்டு தடவை போட்டிருக்கீங்க. பைடார்ச் லைப்ரரியோட கிராஸ்-என்ட்ரபி லாஸ் தானே உள்ள சாஃப்ட்மேக்ஸ் போட்டுக்கும். மாடல் கடைசியில நீங்களும் ஒண்ணு வச்சா, எல்லா விடையும் சரியாச் சொன்னாலும் அதுக்குக் கீழ இறங்க முடியாது.

முழு டேட்டாவை ஓட்டறதுக்கு முன்னாடி 32 படம் மட்டும் எடுத்து அதையே நூறு இருநூறு தடவை காட்டுங்க. லாஸ் பூஜ்யத்துக்குப் பக்கம் போகணும். 32 படத்தையே மனப்பாடம் பண்ண முடியலேன்னா கோடுலதான் கோளாறு. ஜீரோ-கிராட் (பழைய சரிவை அழிக்கறது) விட்டுப்போச்சா, லேபிள் இடம் மாறிப்போச்சான்னு பாருங்க. இது ஒரு நிமிஷச் சோதனை, ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில ஏமாற வேண்டாம்.

அப்புறம் ஏஐ உதவியாளர். எடிட்டர்ல தானா வரி நிரப்பறதை முதல் ரெண்டு மூணு மாசம் அணைச்சு வைங்க. உங்களுக்கு இருக்கிற காலி ஃபைல் சிக்கலை அது இன்னும் வளர்க்கும். 20 நிமிஷம் முட்டி மோதியும் நகரலேன்னா மட்டும் கேளுங்க. கேட்கும்போது "கோடு தராதே, எந்த வரியைப் பார்க்கணும்னு மட்டும் சொல்லு"ன்னு கேளுங்க. சில சமயம் லைப்ரரியில இல்லாத ஆர்குமென்ட்டை இருக்கிற மாதிரி எழுதித் தரும், அதை டாக்குமென்ட்டேஷன்ல சரிபாத்துக்கணும். ஸ்ப்ளிட்டுக்கு முன்னாடி ஸ்கேல் பண்ற தப்பையும் தாராளமா எழுதித் தரும், ஏன்னா அது படிச்ச கோடுலயே அந்தத் தப்பு எக்கச்சக்கம்.

இரவுப்பள்ளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 712 பேரில் 5 மடிப்பு ஓட்டியாகிவிட்டது. ஐந்து ஸ்கோரும் 0.77-இலிருந்து 0.84 வரை சிதறியிருக்கின்றன. கடைசியாக ஒன்று: சனிக்கிழமை 2 மணி நேரத்தில் புதுப் பாடமா, இல்லை வாரத்தில் விட்டுப்போனதா?

மூணுசுழி எழுதியது:

இரண்டும் இல்லை. 45 நிமிஷத்தில் முடியாத வேலைக்கு அதை வையுங்கள்: இன்ஸ்டால், புது டேட்டாவை முதல் தடவை திறந்து பார்ப்பது, தேங்கி நிற்கிற பக். வாரத்தில் விட்டுப்போனது விட்டுப்போனதாகவே இருக்கட்டும். இந்தச் சனிக்கிழமைக்கு: அந்த டிசிஷன் ட்ரீயை டெப்த் 3 வைத்துப் படமாக வரையுங்கள், சைக்கிட்-லேர்னிலேயே ப்ளாட்-ட்ரீ இருக்கிறது. உச்சியில் எந்தக் கேள்வி வருகிறது என்று ஓட்டுவதற்கு முன் பேப்பரில் எழுதிவிட்டு ஓட்டுங்கள்.